பெரியவர்களின் ஈறு நீர்க்கட்டி

பல்லைப் பிடித்திருக்கும் ஈறின் சதைக்குள், எலும்புக்கு வெளியே, நடுத்தர வயதில் உருவாகும் ஒரு சிறு பைக்குப் பெரியவர்களின் ஈறு நீர்க்கட்டி என்று பெயர். பையின் சுவர் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று செல் கனமே இருக்கும். உள்ளே தெளிந்த திரவம். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, பல் ஆடுவதும் கிடையாது. அரை சென்டிமீட்டருக்குள் அடங்கும் வழுவழுப்பான மேடாக ஈறின் வெளிப்புறத்தில் தென்படும், 1 செ.மீ.க்கு மேல் வளர்வது அரிது.

பல் உருவாக்கும் திசுக்களிலிருந்து பிறக்கும் நீர்க்கட்டிகள் பல வகைப்படும். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை சொத்தைப் பல்லின் வேர் நுனியில் வருபவை. முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வருபவை அடுத்த பெரும் பங்கு. ஈறு நீர்க்கட்டியின் பங்கு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் பல பல் மருத்துவர்களுக்கு இது பாடநூலில் படித்ததோடு சரி. அரிதான, தீங்கற்ற ஒன்றைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. பேச வேண்டிய காரணம் கட்டியில் இல்லை, அதைப் போலவே தோற்றம் தரும் மற்றவற்றில் இருக்கிறது. சீழ்க்கட்டி, ரத்த நாளக் கட்டி, எலும்புக்குள்ளிருந்து துளைத்து வரும் வேறு நீர்க்கட்டி, சில வேளைகளில் புற்றுநோய்கூட இதே இடத்தில் இதே அளவில் முதலில் முகம் காட்டும். ஈறு நீர்க்கட்டி என்று கண்ணால் பார்த்து ஊகிக்கலாம். உறுதி சொல்ல நுண்ணோக்கி வேண்டும்.

இந்தக் கட்டியின் வேர் கருப்பை நாட்களில் இருக்கிறது. கரு ஆறு வார வயதை எட்டும்போது, வருங்காலத் தாடையின் விளிம்பை மூடியிருக்கும் எபிதீலியம் என்னும் மேல்திசு, கீழேயுள்ள இணைப்புத் திசுவுக்குள் ஒரு பட்டையாக இறங்குகிறது. இதைப் பல் தகடு என்பார்கள். இந்தத் தகட்டிலிருந்து வரிசையாக மொட்டுகள் விடுகின்றன; ஒவ்வொரு மொட்டும் ஒரு பல்லாகிறது. பால் பற்கள், அவற்றின் பின் வரும் நிலைப் பற்கள் எல்லாம் இதன் வாரிசுகளே. மொட்டு தன் வடிவத்தைப் பெற்றதும் தகட்டுக்கு வேலை இல்லை. அது துண்டு துண்டாக உடைகிறது, பெரும்பகுதி மறைகிறது. ஆனால் முழுவதும் மறைவதில்லை. சில செல் கொத்துகள் ஈறுக்குள்ளும் தாடை எலும்புக்குள்ளும் தங்கிவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் பலருக்கு அவை அங்கேயே, எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கின்றன.

இந்த எச்சங்களை முதலில் விவரித்தவர் பிரெஞ்சு உடற்கூறியலாளர் எத்தியன் செர். 1817-இல் வெளிவந்த பற்களைப் பற்றிய தம் நூலில் அவற்றைச் சுரப்பிகள் என்றே கருதினார். அவை சுரப்பிகள் அல்ல என்பது பின்னாளில் தெளிவானது. ஆனாலும் செர் எச்சங்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1880-களில் மற்றொரு பிரெஞ்சுக்காரரான லூயி-ஷார்ல் மலாசே, பல் வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்குள் வேறொரு வகை எச்சத்தை விவரித்தார். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். மலாசே எச்சங்கள் வேரை உருவாக்கிய உறையின் மிச்சம்; பல்லின் உயிர்க்கூழ் அழுகி, அந்த அழற்சி வேர் நுனி வரை எட்டும்போது அவை தூண்டப்பட்டுப் பெருகி, சொத்தைப் பல்லின் நீர்க்கட்டியாகின்றன. செர் எச்சங்களிலிருந்து வரும் ஈறு நீர்க்கட்டிக்கு அழற்சி தேவையில்லை. பக்கத்துப் பல் முழு உயிரோடு, சொத்தையின்றி இருக்கும்போதே அது வளர்கிறது. நோயறிதலின் பாதி இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அதே செர் எச்சங்கள் பிறந்த குழந்தையின் வாயிலும் வேலை காட்டுகின்றன. ஈறின் மேட்டில் வெண்முத்துகளாக, 1 முதல் 3 மி.மீ. அளவில் தோன்றும் சிறு நீர்க்கட்டிகள் பச்சிளங்குழந்தைகளில் மிகச் சாதாரணம். பிறந்த குழந்தைகளில் பாதிப் பேரிடம் வரை காணப்பட்டிருப்பதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது என்று பெரியவர்கள் பதறுவதுண்டு, பதற வேண்டியதில்லை. உள்ளே இருப்பது கெரட்டின் என்னும் புரதச் செதில். சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில், மேலே உடைந்து தானே மறைந்துவிடும். இவற்றோடு சேர்த்துப் பேசப்படும் போன் முடிச்சுகள், எப்ஸ்டைன் முத்துகள் இரண்டும் அண்ணத்தில் வருபவை. பெயர்கள் கலந்து வழங்கினாலும் பிறப்பிடம் வேறு. பெரியவர்களின் கட்டி கெரட்டின் நிறைந்த முத்தாக இருப்பதில்லை; மெல்லிய சுவரும் திரவமும் கொண்டது; தானாக மறையும் என்று காத்திருக்கவும் முடியாது.

பெரியவர்களின் கட்டி எங்கிருந்து வருகிறது என்பது நெடுநாள் விவாதத்துக்குரியதாக இருந்தது. இடம் மாறிய உமிழ்நீர்ச் சுரப்பித் திசு என்றனர் சிலர். ஈறின் மேல்திசு உள்நோக்கி இறக்கும் விரல் போன்ற நீட்சிகளின் நுனி சிதைந்து பையாகிறது என்றனர் வேறு சிலர். 1953-இல் ரிச்சியும் ஆர்பனும் ஈறு நீர்க்கட்டிகளைத் தனியாக எடுத்து எழுதினர். 1958-இல் ஸ்டாண்டிஷும் ஷேஃபரும் எலும்புக்குள், பல் வேரின் பக்கவாட்டில் வரும் ஒரு நீர்க்கட்டியை ஆராய்ந்தனர். 1979-இல் புக்னரும் ஹான்சனும் ஈறு நீர்க்கட்டியின் நுண்ணோக்கித் தோற்றங்களைத் தொகுத்தனர். மறு ஆண்டு விசோக்கி, பிரானன், கார்ட்னர், சாப் ஆகிய நால்வரும் வெளியிட்ட கட்டுரை விவாதத்துக்கு ஏறக்குறைய முடிவு கட்டியது. ஈறுக்குள் வரும் கட்டியும் எலும்புக்குள் வேர்ப் பக்கத்தில் வரும் கட்டியும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை, இரண்டும் பல் தகட்டின் எச்சங்களிலிருந்தே பிறப்பவை என்று அவர்கள் வாதிட்டனர். இரண்டுக்கும் வரும் வயது, வரும் இடம், சுவரின் அமைப்பு எல்லாம் ஒத்துப்போவதே அவர்களின் பலமான ஆதாரம். இன்றைய பாடநூல்கள் அதையே ஏற்கின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. காயத்தாலோ அறுவையாலோ ஈறின் மேல்திசு ஆழத்துக்குள் புதைந்துபோனால், புதைந்த செல்கள் பெருகி ஒரு பையை உருவாக்கக்கூடும். ஈறு இறங்கிப் பல் வேர் தெரியும்போது, அண்ணத்திலிருந்து இணைப்புத் திசுவை எடுத்து அங்கே ஒட்டும் சிகிச்சை இப்போது பரவலாகச் செய்யப்படுகிறது. எடுத்த திசுவில் மேல்திசு சிறிது ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டால், மாதங்கள் கழித்து அந்த இடத்தில் நீர்க்கட்டி தலைகாட்டுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஈறில் மேடு என்று வருபவரிடம் முன்பு அந்த இடத்தில் ஏதாவது அறுவை நடந்ததா என்று கேட்பது இதற்காகத்தான்.

கட்டி வருபவர்கள் பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள். நூற்றுக்கு 60 முதல் 75 பேருக்கு அது கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் அருகே வருகிறது. மேல்தாடையில் வந்தாலும் வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் வட்டாரத்தைத் தாண்டுவது குறைவு. ஏறக்குறைய எப்போதும் உதடு, கன்னம் நோக்கிய பக்கம்தான். நாக்குப் பக்கம் வருவது மிக அரிது. இரண்டு பற்களுக்கு இடையே முக்கோணமாக ஏறும் ஈறு அதற்குப் பிடித்த இடம். பலருக்கும் இது இருப்பதே தெரியாது. பல் சுத்தம் செய்ய வந்த இடத்தில் மருத்துவர் பார்த்துச் சொல்வதும், பல் துலக்கும்போது கண்ணாடியில் தாமே கவனிப்பதும் வழக்கமான தொடக்கங்கள்.

மேட்டின் நிறம் ஈறின் இயல்பான இளஞ்சிவப்பாக இருக்கலாம். பல நேரங்களில் நீலச் சாயலோ சாம்பல் கலந்த நீலமோ தெரியும். திரவத்தில் நீல நிறம் ஏதும் இல்லை. மேலே இழுபட்டு மெலிந்த ஈறு வழியாக ஒளி உள்ளே போகிறது. நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளி ஆழமாக இறங்கி உள்ளேயே உறிஞ்சப்படுகிறது. குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளி மேற்பரப்புக்கு அருகிலேயே சிதறித் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. கட்டிக்குள் சிறிது ரத்தம் கசிந்திருந்தால் நீலம் இன்னும் கருக்கும். இந்த நிறமே ரத்த நாளக் கட்டி என்ற சந்தேகத்துக்கும் வழிவிடுகிறது.

கட்டி எலும்புக்கு வெளியே இருந்தாலும் எலும்பை முற்றிலும் விட்டுவைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் பையின் அழுத்தம், அடியிலுள்ள எலும்பின் புறப்பரப்பை மெல்ல அரிக்கிறது. பிசைந்த மாவில் கட்டைவிரல் நுனியை அழுத்தி எடுத்தது போன்ற ஆழமற்ற, வழுவழுப்பான குழி அங்கே உருவாகிறது. எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. அறுவையில் கட்டியைத் தூக்கி எடுத்த பிறகே கண்ணில் படும். எலும்பு கரைந்திருக்கிறதே என்று அப்போது கலங்க வேண்டியதில்லை, அது எதிர்பார்க்கக்கூடியதே.

நோயறிதல் கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. எவ்வளவு நாளாக இருக்கிறது, வளர்கிறதா, ஏறி இறங்குகிறதா, உடைந்து ஏதாவது வடிந்ததா, வலித்ததா, புகையிலை பழக்கம் உண்டா, உடலில் வேறெங்காவது புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்ததா? ஈறு நீர்க்கட்டியின் கதை அலுப்பூட்டும் அளவுக்கு அமைதியானது: பல மாதங்கள், பெரிதாக மாற்றமில்லை, வலியில்லை. சீழ்க்கட்டியின் கதை நேர்மாறானது. வீங்கும், தெறிக்கும், உடைந்து உப்புக் கரிக்கும் நீர் வாயில் வரும், வலி குறையும், பின்பு மறுபடி வீங்கும். உப்பு வெந்நீர் கொப்பளித்ததில் வற்றியது, கிராம்புத் தைலம் வைத்ததில் அடங்கியது என்று ஒருவர் சொன்னால், அது சீழ் சார்ந்தது என்று எண்ண இடமுண்டு. நீர்க்கட்டி இவற்றுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது.

அடுத்து விரல். கையுறையணிந்த விரலால் அழுத்தினால் நீர்க்கட்டி மெத்தென்று இருக்கும், சற்று அமுங்கும். நார்த்திசுக் கட்டி உறுதியாக எதிர்த்து நிற்கும். எலும்பு வளர்ச்சி கல்லாக இருக்கும். பிறகு ஒரு கண்ணாடித் தகடு. நுண்ணோக்கியில் வைக்கும் அதே தகட்டை மேட்டின்மேல் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். நாளங்களுக்குள் ஓடும் ரத்தத்தால் வந்த நிறமென்றால் அழுத்தத்தில் வெளிறும், எடுத்ததும் நிறம் திரும்பும். நீர்க்கட்டியின் நீலம் அப்படி வெளிறித் திரும்புவதில்லை. சில நொடி வேலைதான், செலவும் இல்லை. கத்தி எடுக்கும் முன் இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. ரத்த நாளக் கட்டியை நீர்க்கட்டி என்று நினைத்து வெட்டினால் ரத்தம் நிற்காமல் போகலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையான சோதனை பக்கத்துப் பல்லுக்குரியது. அந்தப் பல் உயிரோடு இருக்கிறதா? குளிரூட்டிய பஞ்சுருண்டையைப் பல்லின்மேல் வைத்தால் உயிருள்ள பல் சட்டென்று கூசும், எடுத்ததும் அடங்கும். மின் உணர்வுக் கருவி மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொடுத்து அதே கேள்வியைக் கேட்கிறது. ஒரே ஒரு பல்லைச் சோதித்து முடிவுக்கு வரக் கூடாது. இரு பக்கத்துப் பற்களையும், தாடையின் மறுபக்கத்திலுள்ள அதே பல்லையும் சோதித்து ஒப்பிட வேண்டும். தட்டிப் பார்த்தால் வலி இருக்கிறதா என்றும், ஈறுக்கும் பல்லுக்கும் இடையேயான பள்ளத்தில் அளவுகோல் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். ஆரோக்கியமான ஈறில் அது 3 மி.மீ.க்குள் நிற்கும், ஆழமாக இறங்கிச் சீழும் வந்தால் விடை ஈறு நோயின் சீழ்க்கட்டி. மேட்டில் சிறு துளை இருந்தால் அதற்குள் வளையும் தன்மையுள்ள கட்டாப்பெர்ச்சா குச்சியை வலிக்காமல் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதுண்டு. குச்சியின் நுனி எந்தப் பல்லின் வேரைச் சுட்டுகிறதோ அதுவே சீழின் ஊற்று.

இந்தச் சோதனையைத் தவறவிட்டால் இழப்பு நோயாளிக்கு. உயிருள்ள, குறையே இல்லாத பல்லைத் துளைத்து வேர் சிகிச்சை செய்துவிட்டால் கட்டி அப்படியே இருக்கும், ஒரு நல்ல பல்லின் உயிர் மட்டும் பறிபோயிருக்கும். எடுத்த உயிர்க்கூழை எந்த மருத்துவத்தாலும் திரும்ப வைக்க முடியாது. ஈறில் மேடு, அதன் அருகே எக்ஸ்ரேயில் ஒரு கருநிழல், உடனே வேர் சிகிச்சை என்ற அவசர வரிசை எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் இந்தத் தவறுக்கு இடமிருக்கிறது. பல்லின் உயிரைச் சோதிக்கச் செலவாகும் நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

எக்ஸ்ரே எதற்கு? ஈறு நீர்க்கட்டியைக் காட்டுவதற்கு அல்ல. அது மென்திசுவில் இருப்பதால் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதிகபட்சம், அடியிலுள்ள எலும்புக் குழியால் ஒரு மங்கிய வட்டம் விழலாம். எலும்புக்குள் வேறேதும் இல்லை என்று உறுதி செய்யவே எக்ஸ்ரே. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிக்கருகே, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் இயல்பான துளை ஒன்று உண்டு. படத்தில் அது வட்டமான கருநிழலாக விழும். கட்டி அதிகம் வரும் வட்டாரமும் அதுவே. மேட்டை வாயில் பார்த்துவிட்டு, இந்தத் துளையைப் படத்தில் பார்ப்பவர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, வேர் நுனி நோய் என்று தீர்மானித்துவிடக்கூடும்.

தப்புவதற்கு ஒரு பழைய உத்தி உதவும். எக்ஸ்ரே குழாயைச் சற்று பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுப்பது. நாக்குப் பக்கமுள்ள பொருள் குழாய் நகர்ந்த திசையிலேயே நகர்ந்தது போலத் தெரியும், கன்னப் பக்கமுள்ளது எதிர்த் திசையில் போகும். 1910-ஐ ஒட்டி கிளார்க் என்பவர் முளைக்காத பற்களின் இடம் அறிய விவரித்த முறை இது. நரம்புத் துளையின் நிழல் வேர் நுனியை விட்டு விலகிப் போய்விடும். உண்மையான வேர் நுனி நோயின் நிழல் வேரோடு ஒட்டியே நிற்கும். வேரைச் சுற்றிய மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடாமல் இருப்பதும் பல் நலமாக இருப்பதன் அடையாளம்.

வேரின் பக்கவாட்டில், இரண்டு வேர்களுக்கு நடுவே, தெளிவான விளிம்போடு 1 செ.மீ.க்குட்பட்ட கருநிழல் தெரிந்து, இரு பற்களும் உயிரோடு இருந்தால், எண்ணம் எலும்புக்குள் வரும் சகோதரக் கட்டியின் பக்கம் திரும்ப வேண்டும். பக்கவாட்டு வேர் நீர்க்கட்டி எனப்படும் அதுவும் கீழ்த்தாடையின் கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் வட்டாரத்தையே நாடுகிறது. 30 வயதுக்கு முன் வருவது குறைவு. சில வேளை அது எலும்பின் வெளிச்சுவரைத் துளைத்து ஈறில் நீல மேடாக எழும். அப்போது வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. கோன் பீம் சி.டி. எனப்படும் முப்பரிமாணப் படம் எடுத்தால், எலும்பு வெளியிலிருந்து அழுத்தப்பட்டுக் குழிந்ததா, உள்ளிருந்து அரிக்கப்பட்டுத் துளைபட்டதா என்பது தெரியும். எல்லோருக்கும் இந்தப் படம் தேவையில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால் மட்டும் போதும்.

குழப்பக்கூடிய மற்றவை ஏராளம். ஈறின் எரிச்சலால் வரும் சிவந்த, தொட்டால் ரத்தம் கசியும் சதை வளர்ச்சி; நீலமும் பழுப்பும் கலந்த ராட்சத செல் கட்டி; உள்ளே எலும்புத் துகள் உருவாகும் நார்க்கட்டி. உதட்டின் உட்புறத்தில் அடிக்கடி வரும் சளிக் கொப்புளத்தையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் பல்லை ஒட்டி இறுகியிருக்கும் ஈறில் இயல்பாகச் சிற்றுமிழ்நீர்ச் சுரப்பிகள் இல்லை என்பதால் அது அங்கே வருவது அசாதாரணம். புற்றுநோயை மட்டும் பட்டியலில் ஒரு பெயராகச் சொல்லி நகர முடியாது. புகையிலை மெல்லும் பழக்கம் பரவிய இந்தியாவில் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வாய்ப்புற்றின் முக்கிய இடங்கள். அதோடு, நுரையீரல், மார்பகம் போன்ற வேறு உறுப்புகளின் புற்று வாயின் மென்திசுக்களுக்குப் பரவும்போது அதிகம் தங்கும் இடம் ஈறுதான். வேகமாக வளர்வது, புண்ணாவது, காரணமின்றிப் பல் ஆடுவது, உதடு மரத்துப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது பெரிய கட்டிகளில் உதவும். வைக்கோல் நிறத் திரவம் வந்தால் நீர்க்கட்டி, ரத்தம் பாய்ந்து வந்தால் நாளம். அரை சென்டிமீட்டர் மேட்டில் அதனால் பெரிய பயனில்லை, பை சுருங்கி அறுவை கடினமாவதே மிச்சம். இவ்வளவு சிறிய கட்டிக்குச் சிகிச்சையும் நோயறிதலும் ஒரே செயலில் முடிகின்றன: மரத்துப்போகும் ஊசி போட்டு முழுக் கட்டியையும் வெட்டி எடுத்து, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவது. நரம்புத் துளை அருகிலிருப்பதால் கீழ்நோக்கி வெட்டும்போது எச்சரிக்கை தேவை. நரம்பில் கத்தி பட்டால் கீழுதடு மரத்துவிடும். பல்லின் விளிம்பை ஒட்டிய ஈறை அதிகம் எடுத்துவிட்டால் வேர் வெளியே தெரியும். லேசர் கொண்டு எடுப்பது ரத்தக்கசிவைக் குறைக்கும்தான். ஆனால் வெப்பத்தால் விளிம்புத் திசு கருகி, ஒன்று முதல் மூன்று செல் கனமுள்ள சுவரே வாசிக்க முடியாமல் போகக்கூடும். இந்தக் கட்டிக்குக் கத்தியே மேல்.

எடுத்த துண்டை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் பல நோயறிதல்கள் கெடுகின்றன. பஞ்சுத் துணியில் சுற்றி மேசையில் வைத்தால் அது காய்ந்துபோகும். தண்ணீரிலோ உப்புநீரிலோ போட்டால் செல்கள் அழுகத் தொடங்கும். இடுக்கியால் நசுக்கினால் மெல்லிய சுவர் கிழிந்து, உள்ளுறை உதிர்ந்துவிடும். வெட்டிய கையோடு 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் கரைசலில், துண்டைப் போல் குறைந்தது பத்து மடங்கு அளவு திரவத்தில், முழுவதும் மூழ்க வைக்க வேண்டும். குப்பியின் மீது பெயர், வயது, தேதி, எடுத்த இடம். உடன் செல்லும் படிவத்தில் எந்தப் பல்லருகே, எவ்வளவு நாளாக, பல் உயிரோடு இருந்ததா, எலும்பில் குழி இருந்ததா என்ற விவரங்கள். நோய்க்குறியியல் நிபுணர் நோயாளியின் வாயைப் பார்த்ததில்லை; படிவமே அவருக்குக் கண்.

ஆய்வகத்தில் துண்டை நீர் நீக்கி, பாராஃபின் மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவுகிறார்கள். ஹீமடாக்சிலின் செல் கருவை நீலமாகவும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாகவும் நிறமூட்டுகின்றன. நுண்ணோக்கியில் தெரிவது ஒரு வெற்றிடத்தைச் சுற்றிய மிக மெல்லிய செல் வரிசை. தட்டையான அல்லது கனசதுரச் செல்கள், பெரும்பகுதி ஒன்று முதல் மூன்று அடுக்கு. அதற்கடியில் அழற்சிச் செல்கள் இல்லாத அமைதியான இணைப்புத் திசு. பல கட்டிகளில், ஓடிவரும் அந்த மெல்லிய வரிசை திடீரென்று ஓரிடத்தில் தடித்து உள்நோக்கியோ வெளிநோக்கியோ புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் சுழல் போல அமைந்த செல்களுக்கு இடையே வெளிறிய, உள்ளே ஒன்றுமே இல்லாதது போன்ற செல்கள் நிற்கும். அவற்றில் இருப்பது கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து. வழக்கமான சாயத்தைப் பிடிக்காததால் வெறுமையாகத் தெரிகிறது. பி.ஏ.எஸ். சாயமிட்டால் அடர்ந்த செஞ்சிவப்பாகும்; டயஸ்டேஸ் நொதியால் கிளைகோஜனைக் கரைத்த பிறகு அதே சாயமிட்டால் நிறம் வராது. பல் தகட்டின் எச்சங்களிலும் இப்படிப்பட்ட கிளைகோஜன் நிறைந்த செல்கள் உண்டு. கட்டியின் பிறப்பிடத்தை அது சொல்லிவிடுகிறது. எல்லாக் கட்டியிலும் இந்தப் புடைப்பு இருப்பதில்லை. ஒரே சீவலில் தவறியும் போகலாம், அதனால் பல ஆழங்களில் சீவிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

சுவர் வேறு கதை சொன்னால் சிகிச்சையும் மாறும். உள்ளுறை ஆறு முதல் எட்டு அடுக்காக, அடிச் செல்கள் வேலிக் கால்களாக நிமிர்ந்து, மேற்பரப்பு அலையலையான கெரட்டினோடு இருந்தால் அது கெரட்டோசிஸ்ட் எனப்படும் வகை. எலும்புக்குள் வரும்போது திரும்பத் திரும்ப முளைக்கும் குணமுள்ளது. ஈறில் அரிதாக மட்டுமே வரும். அதிலும் ஒருவருக்குப் பல கெரட்டோசிஸ்ட்டுகள் இருந்தால் கார்லின் நோய்த்தொகுதி என்னும் மரபுக் கோளாறைத் தேட வேண்டும். சளி சுரக்கும் செல்களும் சிறு குழல்களும் தெரிந்தால் சுரப்பி வகை நீர்க்கட்டி. அதுவும் திரும்பி வரக்கூடியது. தடித்த உள்ளுறை, நிறைய அழற்சி, கொலஸ்ட்ரால் படிகங்கள் விட்ட பிளவுகள் என்றால் சொத்தைப் பல்லை மறுபடி தேட வேண்டும். ஒரே பையாக இல்லாமல் திராட்சைக் கொத்தாகப் பல அறைகளோடு இருக்கும் வடிவத்தை 1973-இல் வெதர்ஸும் வால்ட்ரனும் விவரித்தனர். எலும்புக்குள் வரும் அந்த வகை மீண்டும் வருவதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதால் ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரேயால் கண்காணிக்க வேண்டும்.

ஈறு நீர்க்கட்டி என்று அறிக்கை வந்துவிட்டால் மேற்கொண்டு மருந்தோ கதிர்வீச்சோ கிடையாது. ஈறு சில வாரங்களில் ஆறும், எலும்பின் குழி மெல்ல நிரம்பும். முழுமையாக எடுத்த கட்டி திரும்ப வருவது மிக அரிது. பக்கத்துப் பல்லில் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஈறில் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் எந்த மேட்டையும், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேர் சிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்டால், பல் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்தீர்களா எனக் கேட்பதில் தவறில்லை. மேட்டை வெட்டி எடுத்தால், எவ்வளவு சிறிய துண்டானாலும் அது ஆய்வகத்துக்குப் போகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அறிக்கையின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.